நீலமாய் ஒளிர்ந்த மூன்று நோட்டுகள்

ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. மார்ச் 31 தாண்டுகிற வரைக்கும் பேங்க்காரனுக்கு எழுத்தும் கிடையாது, தூக்கமும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தத் தடவை ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத புலம்பல் இல்லை. கொஞ்சம் வேதியியல். பயப்படாதீங்க, நான் பி.காம். எனக்கே புரிந்துவிட்டது என்றால் உங்களுக்குப் புரியாமலா போகும்?

பெங்களூர் ஆட்டோக்காரர்கள் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்று சொல்கிற இந்திய அறிவியல் கழகத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் கேட்டைத் திறந்து பொதுஜனங்களை உள்ளே விடுவார்கள். மகள் இப்போது இரண்டாம் வருஷ பி.யு.சி. போயே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தங்கமணி தயிர்சாதம் கட்டிக் கொடுத்து எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டு நிம்மதியாக சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நான் கூட்டத்தில் மிதிபட்டு, மர நிழல் தேடி, கடைசியில் வேதியியல் பக்கம் ஒரு இருட்டு அறைக்குள் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு ஆராய்ச்சி மாணவி. மேஜையில் ரெண்டு சின்னக் குப்பி. பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி எந்த நிறமும் இல்லை. கையிலிருந்த லேம்ப்பைத் தட்டினார். ஒன்று சிவப்பாக ஒளிர்ந்தது, இன்னொன்று பச்சையாக. கூட்டம் 'ஓ' என்றது. நான் குப்பியைப் பார்க்கவில்லை. லேம்ப்பைப் பார்த்தேன். ஏனென்றால் அது எனக்குப் பழைய ஆள். கள்ளநோட்டு பார்க்க எங்கள் கவுண்டரில் வைத்திருப்போமே, அதே யு.வி. லேம்ப்.

அந்த ஊதா வெளிச்சத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு அம்மாவின் முகம் ஞாபகம் வரும். அந்தக் கதையை இத்தனை வருஷத்தில் ஒரு பதிவிலும் எழுதியதில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2007 பிப்ரவரி. அப்போது நான் ஒரு கிளையில் கிளார்க், கேஷ் கவுண்டரில். ஊரிலிருந்து வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்த மாசம் 5ஆம் தேதி காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. 12ஆம் தேதி கர்நாடக பந்த். 'வெளியில தமிழ் பேசாத, பஸ்ஸில போன் வந்தா எடுக்காத' என்று தெரிந்தவர்கள் எல்லாம் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு படி மேலே போய் கவுண்டரிலும் தமிழ் தெரியாதவனாகவே உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை. பயம் எனக்குள்ளேதான் இருந்தது.

பந்த் முடிந்த வாரம் ஒரு அம்மா வந்தார். கட்டட வேலை செய்கிறவர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. பையனின் பள்ளிக்கூட ஃபீஸுக்கு டி.டி. எடுக்கணும். மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு. தொட்டால் சொதசொதவென்று இருந்தது. லேம்ப்பில் காட்டினேன். தாள் முழுக்க நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது.

இங்கே ஒரு பாடம். நல்ல நோட்டுத் தாள் யு.வி. வெளிச்சத்தில் மங்கலாகத்தான் இருக்கும். எண்கள் இருக்கும் இடமும், தாளுக்குள் தூவிவிட்ட மாதிரி இருக்கும் மெல்லிய இழைகளும் ஒளிரும். தாளே ஒளிர்ந்தால் சந்தேகப்படணும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"இது நகலி நோட்டு" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், நல்லா பாருங்க சார். மேஸ்திரி குடுத்த கூலிக் காசு. பையன் பேண்ட் பாக்கெட்டுல இருந்தது தெரியாம சோப்புத் தண்ணியில ஊறப் போட்டுட்டேன் சார். சத்தியமா வேற ஒண்ணும் பண்ணல."

அச்சு அசல் தமிழ். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி தலையை ஆட்டிவிட்டு 'கள்ளநோட்டு' முத்திரையை இங்க் பேடில் ஒற்றினேன். அதைக் குத்திவிட்டால் நோட்டு திரும்பாது. ஒரு ரசீதுதான் கையில் கிடைக்கும். போலீசுக்கும் தகவல் போகும். அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. போலீஸ் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல். "ஸ்வல்ப இரி."

எங்கள் ஹெட் கேஷியர். ரிட்டயர் ஆக ஆறு மாசம் இருந்த மனிதர், மண்டியாக்காரர். நோட்டை வாங்கி லேம்ப் பக்கமே திரும்பாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நீர்க்குறி பார்த்தார். பாதுகாப்பு இழையைப் பார்த்தார். கட்டை விரலால் எழுத்துகளின் மேடு தடவினார். அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்து, சுத்தமான தமிழில், "ஏம்மா, சோப்புத் தண்ணியில போட்டுட்டீங்களா?" என்றார்.

"ஆமாங்கய்யா, அதத்தான் இவருகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்."

சோப்புப் பவுடரில் துணியை வெள்ளையாகக் காட்ட ஒளிரும் வெண்மையாக்கிகளைக் கலப்பார்கள். ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கும் சரக்கு அது. நோட்டில் ஊறிவிட்டால் நல்ல நோட்டும் முழுசாக ஒளிரும். மூன்றும் நல்ல நோட்டுதான். பெரியவர் டி.டி. போட்டுக் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் கிளைக்கு வந்தபோதெல்லாம் என் கவுண்டரில் ஆள் இல்லாவிட்டாலும் பக்கத்து வரிசையில் போய்த்தான் நிற்பார்.

சரி, இருட்டு அறைக்குத் திரும்புவோம். மகள் அந்த மாணவியைக் கேள்வியால் துளைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கேட்டதும், அப்புறம் ராத்திரி மகள் பாடம் நடத்தியதும், நானே தேடிப் படித்ததும் சேர்த்து எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

சிவப்பு ஒளி யூரோப்பியம். பச்சை ஒளி டெர்பியம். ரெண்டும் அருமண் உலோகங்கள். இந்த யூரோப்பியம் இருக்கிறதே, அது கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் மேனேஜர் மாதிரி. வெளிச்சத்தைத் தானாகப் போய் வசூல் பண்ணத் தெரியாது. தனியாக விட்டால் ஊதாக் கதிரை ரொம்பக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். அதனால் பக்கத்தில் ஒரு கரிம மூலக்கூறு வேண்டும். நம்ம ஊர் பிக்மி ஏஜெண்ட் கடை கடையாகப் போய்ப் பத்தும் இருபதுமாக வசூலித்து வந்து பேங்க்கில் கட்டுவாரே, அந்த மாதிரி. அது கதிரை வாங்கி உலோகத்திடம் கொடுக்கும். உலோகம் தன் நிறத்தில் ஒளிரும். 1942ல் வைஸ்மன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டு எழுதினார். பிற்பாடு இதற்கு 'ஆன்டெனா விளைவு' என்று பேர் வந்தது.

ஏஜெண்ட் பக்கத்தில் இருந்தால்தான் பணம் வந்து சேரும். அங்கேதான் மடிப்பு வருகிறது. நீளமான மூலக்கூறு ஒன்று தளர்வாகக் கிடக்கும். உலோகம் வந்ததும் அதைச் சுற்றி மடிந்து கொள்ளும், வெற்றிலை பாக்கைச் சுற்றி மடிகிற மாதிரி. சிலது ரெண்டு மூன்று இழையாகச் சேர்ந்து முறுக்கிக் கொள்ளும். எங்க ஊர்ப் பக்கம் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். தென்னை நாரை ரெண்டு புரியாக எடுத்து முறுக்கினால் கயிறு. இங்கே நார் கரிம மூலக்கூறு, முறுக்கிப் பிடித்து வைப்பது உலோகம். 1987ல் பிரான்சின் ழான் மரி லென், செம்பைச் சுற்றித் தானாகவே திரிந்துகொள்ளும் இரட்டைக் கயிறு ஒன்றைச் செய்து 'ஹெலிகேட்' என்று பேர் வைத்தார். அதே வருஷம் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது (பரிசு அதற்கு முந்தைய வேலைகளுக்காக). பின்னால் மற்றவர்கள் செம்புக்குப் பதில் யூரோப்பியத்தை வைத்து ஒளிரும் கயிறு திரித்தார்கள்.

இப்படி மடித்து வைப்பதில் இன்னொரு லாபம். உலோகத்தின் முதல் எதிரி தண்ணீர். பக்கத்தில் தண்ணீர் மூலக்கூறு ஒட்டினால் ஒளியாக வரவேண்டிய சக்தியை அது வாங்கி அதிர்ந்தே தீர்த்துவிடும். மடிப்பு இறுக்கமாக இருந்தால் தண்ணீர் உள்ளே வராது. இதையும் கொண்டுபோய் பாலிமருக்குள் வைத்துவிட்டால் இன்னும் பத்திரம். வெறும் உலோகக் கலவை பொடியாக உதிரும். பாலிமரில் கலந்தால் படலமாக இழுக்கலாம், இழையாக நூற்கலாம், மையாகப் பூசலாம். ஒளி உலோகத்துடையது, வளைந்து கொடுக்கிற உடம்பு பாலிமருடையது. இதைத்தான் கலப்பினப் பொருள் என்கிறார்கள்.

இதில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. புரதங்கள் எப்படி மடிய முடியும், எப்படி மடிய முடியாது என்று 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் போட்டு வரைபடமாகக் கொடுத்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். உலகம் பூராவும் பாடப்புத்தகத்தில் இருக்கிற வரைபடம். அவர் பிற்பாடு இதே டாட்டா இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து 1971ல் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உண்டாக்கினார். 2004ல் அதே வளாகத்தில் எஸ்.ராமகிருஷ்ணன் குழு, மனிதன் செய்த பாலிமர் ஒன்றைப் புடவைக் கொசுவம் மாதிரி மடிய வைத்தது. கார உலோக அயனி வந்து சங்கிலியைப் பிடித்ததும் மடிப்பு இன்னும் ஒழுங்காகிறது. அது ஒளிராது, மடிந்ததை நிறம் காட்டிக் கொடுக்கும்.

ஒளிர்வதைச் செய்தது உதய் மைத்ரா குழு. பித்தநீரில் இருக்கும் உப்போடு யூரோப்பியத்தைச் சேர்த்தால் ஜெல்லி மாதிரி உறைகிறது. மூலக்கூறுகள் தாமாகவே இழை இழையாகக் கோத்துக் கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. முறைப்படி பாலிமர் இல்லை, பாலிமரின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் துளி கரிமப் பொருள் கலந்ததும் சிவப்பு ஒளி. இது 2010ல். அடுத்து டெர்பியம் வைத்துப் பச்சை. அதைக் காகிதத் துண்டில் தடவி, தேடுகிற பொருள் வந்தால் மட்டும் ஒளிரும் சோதனைத் தாளாக்கினார்கள். தந்திரம் என்ன தெரியுமா? ஏஜெண்டின் கையைக் கட்டி உள்ளே வைத்துவிடுவது. தேடுகிற பொருள் வந்து கட்டை அவிழ்த்தால்தான் வசூல், அப்போதுதான் பச்சை. 2022ல் இதே வழியில் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்ணாலேயே பார்த்துக் கண்டுபிடிக்கும் தாளைச் செய்தார்கள். பெரிய மெஷின் வேண்டாம். தாளும் என் கவுண்டர் லேம்ப் மாதிரி ஒரு லேம்ப்பும் போதும்.

ரூபாய் நோட்டிலும் யூரோப்பியமா என்று கேட்காதீங்க, மையில் என்ன இருக்கிறது என்று அச்சடிப்பவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் யூரோ நோட்டை 2002ல் நெதர்லாந்து வேதியியலாளர்கள் இருவர் லேம்ப்பில் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, அந்தச் சிவப்பு யூரோப்பியத்தின் சிவப்புதான் என்று எழுதினார்கள். பேருக்குப் பொருத்தம்!

இன்னொரு சேதி நாஞ்சில் நாட்டு மக்களுக்கு. 1909ல், இந்த இன்ஸ்டிட்யூட் தொடங்கிய அதே வருஷம், ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தேடிக்கொண்டு வந்து நின்ற இடம் நம்ம மணவாளக்குறிச்சி. சின்ன வயசில் காலில் ஒட்டினால் அம்மா வாசலிலேயே கழுவிவிட்டு வரச் சொல்லும் கருமணல். அந்த மோனசைட்டில்தான் அருமண் உலோகங்கள் இருக்கின்றன. பெரும்பங்கு சீரியம், லாந்தனம், நியோடிமியம். யூரோப்பியமும் டெர்பியமும் துளித்துளி. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து, இருட்டு அறையில் நின்று எங்க ஊர் மண்ணின் சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன் பாருங்கள்.

அந்த மாணவி கடைசியாகச் சொன்னதுதான் என்னை வீடு வரைக்கும் துரத்தியது. மகள் கேட்டாள், "காகிதமே நீலமா ஒளிரும்தானே, அதுல இந்த ஒளியை எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கறது?"

அவர் சொன்ன பதில்: "காத்திருக்கணும்."

காகிதத்தின் ஒளியும் சோப்பின் ஒளியும் லேம்ப்பை அணைத்த நொடியே செத்துவிடும். நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் ஆயுசு. யூரோப்பியமும் டெர்பியமும் லட்சம் மடங்கு வரை அதிக நேரம் ஒளிரும். அது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவுதான், நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கருவிக்குத் தெரியும். லேம்ப்பை அணைத்து, ஒரு கணம் தாமதித்து, அப்புறம் பார்த்தால் ஓரத்து வெளிச்சமெல்லாம் ஓய்ந்து உலோகத்தின் ஒளி மட்டும் நிற்கும். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து தைராய்டு பார்க்கிறார்களே, அதில் ஒரு வகைப் பரிசோதனை யூரோப்பியத்தின் இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

ராத்திரி மொட்டைமாடியில் மகளிடம் அந்த மூன்று நோட்டுக் கதையைச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் தெரியாத கதை. கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்பா, அவங்கதான் சோப்புத் தண்ணின்னு சொன்னாங்கல்ல? பதில் அதுலயே இருந்துச்சே."

"இருந்துச்சு மக்களே."

"உங்களுக்குப் புரிஞ்சது."

"புரிஞ்சது."

"அப்புறம் சாரி சொன்னீங்களா?"

இல்லை. அந்த அம்மா பக்கத்து வரிசையில் நின்ற நாட்களில் நாலு எட்டு நடந்து போய் ஒரு வார்த்தை தமிழில் பேசியிருக்கலாம். நாளைக்கு, அப்புறம் என்று தள்ளிப் போட்டேன். அடுத்த வருஷம் எனக்கு வேறு கிளைக்கு மாற்றல். கட்டடம் முடிந்ததும் அவர்களும் எங்கோ போயிருப்பார்கள். பெயர்கூட இப்போது ஞாபகம் இல்லை. அந்த டி.டி. யார் பேருக்கு எடுத்தது என்பது மட்டும் ஏனோ ஞாபகம் இருக்கிறது.

எல்லாரும் பயமுறுத்திய அந்த வாரத்தில் ஒரு தமிழ் அம்மாவிடம் தமிழில் பேசினவர் மண்டியாக்காரர். நாகர்கோவில்காரன் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதுவதற்கு எனக்குப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

மகள் வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லி மூன்று மாசமாக நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். எஜுகேஷன் லோன் ஃபைல் தினம் பார்க்கிறவன், எந்தப் படிப்புக்கு எந்த வருஷம் கடன் அடையும் என்று ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி அதை மறுபடி சொல்ல வாய் வரவில்லை. 'விண்ணப்பம் போடு, பார்க்கலாம்' என்றேன். தங்கமணி உள்ளேயிருந்து, 'அப்பாடா' என்றார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

பி.கு. 1: நோட்டு துணியோடு துவைபட்டுவிட்டால் பதறாதீங்க. நிழலில் காயவைத்து எந்தப் பேங்க் கிளையில் வேண்டுமானாலும் கொடுத்து மாற்றலாம், அங்கே கணக்கு இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொடுக்கும்போதே 'சோப்புத் தண்ணீரில் விழுந்தது' என்று சொல்லிவிடுங்கள். கவுண்டரில் இருப்பவர் லேம்ப்பை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் நீர்க்குறி, பாதுகாப்பு இழை, எழுத்து மேடு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மரியாதையாகத்தான்.

பி.கு. 2: கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. எதிரில் நிற்பவர் எந்த பாஷையில் சொன்னாலும் முதலில் காது கொடுங்கள். முத்திரை எங்கேயும் ஓடிப்போகாது. ஸ்வல்ப இரி.